தலைக்கட்டில் இல்லாதவள்

சாத்தனேந்தலில் எதை எண்ணினாலும் தலைக்கட்டுக் கணக்கில்தான் எண்ணுவார்கள். கல்யாணமான ஆண்பிள்ளை ஒருவன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு தலைக்கட்டு. கண்மாய் வற்றி மீன் பிடித்தால் தலைக்கட்டுக்கு ஒரு கூறு. கருப்பர் கோயிலில் கிடா வெட்டினால் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. கல்யாணம் ஆகாமல் வீட்டோடு இருப்பவர்கள், தாலி அறுத்தவர்கள், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கும் கறி உண்டு. பேர்தான் கிடையாது. ஊரில் ஒருவரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை.

அறுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில் அம்பலம் வீரையாவின் மருமகள் பிரசவ வலியோடு வண்டியில் போனாள். செம்மண் சகதியில் அச்சு வரைக்கும் சக்கரம் இறங்கிவிட்டது. ஆட்கள் தோள் கொடுத்துத் தூக்கி, காரைக்குடி போய்ச் சேர்வதற்குள் தாயும் போய்ப் பிள்ளையும் போய்விட்டது. ஊரின் பெரிய மனிதர் அவர். அவர் வீட்டுக்கே இந்தக் கதி. மூன்று மாதம் யார் முகத்தையும் பார்க்காமல் கிடந்தவர், மாசி மாதம் கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார். காரைக்குடியிலிருந்து ஒரு டாக்டரம்மாவையும் அழைத்து வந்திருந்தார்.

"இனிமே இந்த ஊர்ல ஒருத்தரையும் வண்டியில போட்டு இழுக்கக் கூடாது. வைத்தியம் நம்ம வாசலுக்கு வரணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்வோம்" என்றார் அம்பலம்.

அதுவரை கோயில் வாசலில் வாய் திறக்காத பொம்பளைகள்கூட அன்றைக்குப் பேசினார்கள். புள்ளை பெற மறைவாக ஓர் இடம் வேண்டும் என்றாள் ஒருத்தி. நர்சம்மா இங்கேயே தங்க வேண்டும், வாரத்துக்கு ஒரு நாள் வந்து போனால் வலி அதுவரை காத்திருக்குமா என்றாள் இன்னொருத்தி. ஊர் எல்லையில் ஆச்சி ஒருவரின் வண்டிக்கொட்டகை சும்மா கிடந்தது, ஆச்சி கொடுத்துவிட்டார். ஓடு மாற்ற ஒரு தெரு, சுண்ணாம்பு அடிக்க ஒரு தெரு என்று அங்கேயே ஆள் பிரிந்தது. ஊர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியத்துக்குத் துடித்ததைப் பார்க்கவே நன்றாக இருந்தது.

டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கட்டடம் இருக்கட்டும். எனக்கு முதல்ல ஆள் பேரு வேணும். எந்த வீட்டுல யாரு நடக்க மாட்டாங்க, யாருக்குக் கண்ணு தெரியல, யாரு படுக்கையில இருக்காங்க, ஒருத்தர் விடாம வேணும். கால் விளங்காதவங்களுக்குன்னு வருசத்துக்கு ஒரு தடவை பெரிய டாக்டர்கள் வர்றாங்க. மாவுக்கட்டு, இரும்புப் பட்டை, கக்கத்துல வச்சு ஊனுற கட்டை எல்லாம் கொண்டுவருவாங்க. எந்த ஊர்ல பேரு அதிகமா இருக்கோ அந்த ஊருக்குத்தான் வருவாங்க."

எழுதுகிற வேலை குழந்தைவேலுக்கு வந்தது. எட்டாவது படித்தவன். புதுவயல் அரிசி மில்லில் மூட்டைகளுக்கு அடையாள எழுத்துப் போடுகிறவன். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

"தலைக்கட்டு நோட்டப் பாத்து வரிசையாப் போயிரு. எழுதி முடிச்சதும் வழக்கம்போல வாசல்ல வச்சு வாசிச்சிருவோம். யாரும் விட்டுப்போச்சுன்னு பின்னாடி சொல்லப்படாது" என்றார் அம்பலம். எந்தப் பட்டியல் எழுதினாலும் கோயில் வாசலில் சத்தமாக வாசித்த பிறகுதான் அது செல்லும். அது அந்த ஊர் வழக்கம்.

குழந்தைவேலு வீட்டுக்கு வந்தபோது அவன் தங்கச்சி அழகி, சொளகில் குருணையைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தோரு வயது. நாலு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போயின. உட்கார்ந்தபடியே கையை ஊன்றி நகர்வாள். மில்லிலிருந்து அண்ணன் கொண்டுவரும் குருணையைப் புடைப்பது, புளி ஆய்வது, கூழ் கரைப்பது எல்லாம் அவள்தான். வாசலுக்கு மட்டும் வரமாட்டாள். வராதே என்று யாரும் சொல்லியதில்லை. வா என்றும் சொல்லியதில்லை.

"அண்ணே, கால் வராதவுகளுக்கு கட்டை குடுக்காகளாமே. மதினி சொன்னா. என் பேரையும் எழுதுவீகள்ல?"

"எழுதாமையா?"

"நடந்து ஊர்கோலமா போகப் போறேன்? கம்மாக்கரைக்கு நானாப் போய்ட்டு நானா வந்தாப் போதும்ணே."

குழந்தைவேலு அப்போதுதான் அதை யோசித்தான். விடியுமுன்னே அவன் பெண்டாட்டி பொன்னுத்தாயி அழகியை முதுகில் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்குப் போய் வருவாள். ஒரு நாளைக்கு ஒரே தடவைதான். அதற்குமேல் மதினியைக் கேட்க அழகிக்குக் கூச்சம். அதனால் மத்தியானத்துக்குமேல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். பொழுது சாயச் சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்பாள். இத்தனை வருஷமும் அவள் சாப்பாடு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தான் அண்ணன்காரன்.

பொன்னுத்தாயி கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்தாருங்க, மறக்காம மொத பேரா எழுதுங்க. எனக்கும் இடுப்பு விட்டுப்போகுது. நாளைக்கு நான் முழுகாம இருந்தா யாரு தூக்குறது?"

"சரி சரி" என்றான்.

எழுதத்தான் நினைத்தான். மறுநாள் நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பும்போது அம்பலம் கூப்பிட்டு அனுப்பினார்.

"குழந்தவேலு, ஒன் தம்பி மலையாண்டிக்கு நாட்டரசன்கோட்டைப் பக்கம் பேசிக்கிட்டு இருக்குல்ல?"

"ஆமாங்கய்யா. பங்குனியில பரிசம் போடலாம்னாக."

"நல்ல எடம். அந்தப் பொண்ணோட தாய்மாமன் நம்ம கூட்டத்துக்கு வந்தாலும் வருவாரு. ஒன் வீட்டப் பொறுத்த மட்டும் யோசிச்சு எழுது. நாஞ் சொன்னேன்னு இல்ல."

அம்பலம் கெட்ட மனிதர் இல்லை. அவனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். குழந்தைவேலுக்கு மட்டும் அந்த நிமிஷமே காதில் கேட்டுவிட்டது: கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னால், அவன் குரலே வாசிக்கிறது. 'குழந்தைவேலு தங்கச்சி அழகி, இரண்டு காலும் விளங்காது.' காது மடலெல்லாம் சுட்டது.

மேலத்தெருவில் வீடு வீடாகப் போனான். வாசலில் நின்று, "முடியாதவுக யாரும் இருக்காகளா?" என்று கேட்பான். கேட்கிற தோரணையிலேயே இல்லை என்ற பதில் அடங்கியிருந்தது. உள்ளே இருமல் கேட்கும். "அது சளிதேன்" என்பார்கள். கண் தெரியாத கிழவன் ஒருவன் முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருப்பான். "அவருக்கென்ன, வயசாயிருச்சு" என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பொம்பளைப்பிள்ளையோ கல்யாணத்துக்கு நிற்கிற பையனோ இருந்தார்கள். அவன் தலையாட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவான். தன் வீட்டை விடுவதற்கு ஊரே துணையாக இருப்பது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. சொல்லவே கேவலமான ஆறுதல்.

கிழக்குத்தெருவில் ஒச்சம்மாள் வீடு. மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக் காயவைக்கிற வேலை அவளுக்கு. அவள் புருஷன் சோணை செங்கல் சூளையில் இருந்தான். குழந்தைவேலு வாய் திறப்பதற்குள் அவள் உள்ளே ஓடி, ஆறு வயது மகள் கருப்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினாள்.

"பாருங்கண்ணே. இந்த வலது காலு. போன வருசக் காய்ச்சல்ல மடங்குனது, இன்னும் நீளல. கையால இழுத்தா வருது, விட்டா மடங்கிக்கிருது. எழுதிக்கங்க. கருப்பி. அப்பன் பேரு சோணை."

பிள்ளை ஒரு காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அவனைப் பார்த்துச் சிரித்தது.

பென்சிலைப் பேப்பரில் வைத்தான். இந்தப் பேரை எழுதினால் வாசலில் வாசிக்க வேண்டும். கால் வராத பிள்ளை என்று ஒரு பேர் வந்தால், அடுத்த நிமிஷம் எவனாவது கேட்பான், 'அப்ப ஒன் தங்கச்சி?' என்று.

"இது சின்னப் புள்ள ஒச்சம்மா. பெரியவுகளுக்குத்தான் இப்ப எழுதுறது. புள்ளைகளுக்குன்னு தனியாக் கேப்பாக. அப்பச் சொல்றேன்" என்றான். நோட்டை மூடிவிட்டான்.

"தனியா எழுதுவாகளாண்ணே? சரிண்ணே. மறந்துறாதீக."

பங்குனியில் பட்டியலை வாசித்த அன்று ஒச்சம்மாள் களத்தில் வேலையாக இருந்தாள். அறுபத்தொரு தலைக்கட்டில் அவன் வாசித்தது ஐந்தே பேர். இரண்டு பேருக்கு ஈளை இருமல், ஒருவருக்கு ஆறாத புண், ஒருவருக்குக் கண்ணில் பூ விழுந்தது, ஒரு கிழவிக்கு நடுக்கம். டாக்டரம்மா நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய ஊர்ல கால் வராதவங்க ஒருத்தர்கூட இல்லையா?"

அம்பலம் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எல்லார் பார்வையும் தரையில் இருந்தது. குழந்தைவேலு வீட்டை எல்லாருக்கும் தெரியும், மற்ற வீடுகளை அவனுக்குத் தெரியும்.

"இல்லேன்னா சந்தோசம்தான்" என்றார் டாக்டரம்மா. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "அந்த டாக்டர்களை வேற ஊருக்கு அனுப்பிர்றேன். நர்சு மட்டும் இங்க வருவாங்க."

வீட்டுக்கு வந்ததும் அழகி கேட்டாள். "வாசிச்சீகளாண்ணே? எத்தனாவது பேரு?"

"நாலாவது" என்றான். எப்படித்தான் வாயில் வந்ததோ. பொன்னுத்தாயி சோற்றைப் போட்டு வைத்திருந்தாள். வழக்கமாக அழகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவான். அன்று பசியில்லை என்று சொல்லிவிட்டுக் கண்மாய்ப் பக்கம் நடந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அழகி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று எண்ணி அவன் நிம்மதிப்பட்டான். மலையாண்டிக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று அவளைப் பக்கத்து வீட்டு உள்ளறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அவளே, "நான் அங்குட்டு இருந்துக்கிறேன்" என்று சொன்னாள். வைகாசியில் கல்யாணம் முடிந்து மறுவீடு வந்தபோது பெண்ணைப் பெற்றவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே குழந்தைவேலுவிடம் கேட்டாள்.

"ஒங்க தங்கச்சி எங்க மாப்ள? பரிசத்தன்னைக்கும் காணோம், தாலிகட்டுக்கும் காணோம்."

குழந்தைவேலு பாக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"கால் வராத புள்ளைன்னு சம்பந்தம் பேசுனப்பவே தெரியுமே. என் பெரியப்பா மகளும் அப்பிடித்தான். அதுக்கென்ன? கூப்பிடுங்க, புள்ள கையால மஞ்சத்தண்ணி வாங்கிக்கிறட்டும் எம் மக."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டாள். அவனுக்குத்தான் நிற்க இடம் இல்லாமல் போனது. யாருக்கும் தெரியக் கூடாது என்று மறைத்தது, தெரிய வேண்டியவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

மில்லில் ஒச்சம்மாள் அவனை விடவில்லை. வெயிலில் நெல்லைத் துழாவிக்கொண்டே, அவன் களத்தைத் தாண்டும்போதெல்லாம் கேட்பாள்.

"அண்ணே, புள்ளைகளுக்கு எழுதுறது எப்பண்ணே?"

"வரும் ஒச்சம்மா."

"முந்தி இழுத்தா வந்துச்சு. இப்ப இழுத்தா அழுகுதுண்ணே."

மேகம் கறுத்தால் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூட எல்லாரும் ஓடுவார்கள். அந்த அவசரத்திலும் அவள் திரும்பி ஒரு தடவை அவனைப் பார்ப்பாள். கடைசியில் அவன் களத்துப் பக்கம் போவதை விட்டு, உமி கொட்டுகிற பின்வாசல் வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தான். உமித்தூசி கண்ணில் விழும். பரவாயில்லை என்று போனான்.

ஆவணியில் நர்சம்மா வந்து வண்டிக்கொட்டகையில் தங்கினார். முதல் மாதமே மூன்று பிரசவம். தாயும் பிள்ளையும் நலம் என்று சேதி வரும்போதெல்லாம் அம்பலம் கொட்டகை வாசல்வரை போய், உள்ளே போகாமல் திரும்புவார். ஊர் ஆசைப்பட்டது நடந்துகொண்டிருந்தது. குழந்தைவேலுக்கு மட்டும் அந்தச் சுண்ணாம்புச் சுவரைத் தாண்டிப் போவது கஷ்டமாக இருந்தது.

கார்த்திகை அடைமழையில் மில் களம் மூடிக் கிடந்தது. பொன்னுத்தாயிக்கு ஆறு மாதம். அவளைப் பார்க்க நர்சம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். குழந்தைவேலு மழைக்குக் கொங்காணியாகத் தலையில் மடித்துப் போட்டிருந்த கோணியைப் பிழிந்துகொண்டு நின்றான். நர்சம்மா பொன்னுத்தாயியைப் பார்த்து முடித்துவிட்டு, மூலையில் சொளகோடு இருந்தவளைப் பார்த்தார்.

"இது யாரு?"

"என் நாத்தனா" என்றாள் பொன்னுத்தாயி.

நர்சம்மா குனிந்து அழகியின் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். "இந்த வீட்டுல இப்படி ஒருத்தர் இருக்கிறதா நோட்டுல இல்லையே? யாரு எழுதினது இது?"

குழந்தைவேலு பிழிந்த கோணியையே மறுபடி பிழிந்தான். கோணியிலிருந்து தண்ணீர் காலில் சொட்டியது.

"அண்ணன் எழுதத்தான் வந்துச்சு நர்சம்மா" என்றாள் அழகி. "நாந்தான் வேணாம்னுட்டேன். ஊருக்கு முன்னால பேரு வாசிப்பாகளே, வெக்கமா இருக்கும்னு நாந்தான் அடம் புடிச்சேன்."

"இதுல என்ன வெக்கம்? படிக்காத பொண்ணா இருக்கியே" என்று நர்சம்மா அவளைக் கடிந்துகொண்டார். அழகி தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டாள்.

நர்சம்மா போன பிறகு குழந்தைவேலு தங்கச்சிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"வாசிச்ச மறுநா விடியக்கருக்கல்லயே தெரியும். கம்மாக்கரையில பேசிக்கிட்டாக."

"எட்டு மாசமா ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும். ஒண்ணு சொன்னதுக்கே எங்கூட ஒக்காந்து சாப்பிட மாட்டேன்னுட்டீக."

அவன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். பொன்னுத்தாயி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அழகி ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"எம் பேரு கெடக்கட்டும். ஒச்சம்மா மகளுக்கு என்ன சொன்னீக? அவ இன்னமும் வரும் வரும்னு இருக்கா. மதினிகிட்டத் தெனமும் சொல்றாளாம், அண்ணன் பாத்துக்கிருவாருன்னு. போய்ச் சொல்லிருங்க. நீங்கதான் சொல்லணும்."

மழையிலேயே போனான். ஒச்சம்மாள் அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "புள்ளைகளுக்கு எழுத வந்துட்டாகளாண்ணே?" என்றாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். தனியாக எழுதுவதெல்லாம் கிடையாது, சித்திரையிலேயே டாக்டர்கள் வேறு ஊருக்கு வந்து போய்விட்டார்கள் என்று சொன்னான். அவள் மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

"எம் புள்ள பேர எழுத ஒனக்கு என்னய்யா வலிச்சுச்சு?" அவள் பேச்சில் 'அண்ணே' போய்விட்டது, 'நீங்க'வும் போய்விட்டது. "காசு கேட்டனா? ஒன் வீட்டுச் சோத்தக் கேட்டனா? நாலெழுத்து. நெல்லு மூட்டைக்கெல்லாம் எழுதுறியே, எம் புள்ள மூட்டைக்குங் கீழயா போச்சு?"

"எழுதுனா எந் தங்கச்சி பேரும் வெளிய வரும்னு..."

"போயிரு. எம் வாசல்ல நிக்காத."

தை பிறந்ததும் அம்பலத்திடம் போய் நின்றான். தலைக்கட்டு நோட்டைத் தூரப் போட்டுவிட்டு, ஆளாளுக்கு எழுதப்போவதாகச் சொன்னான். அம்பலம் தலைக்கட்டு நோட்டை எடுத்து ஓரமாக வைத்தார். "எழுது. நாந்தான் ஒன்னக் கெடுத்தேன்" என்றார். இந்தத் தடவை கோயில் வாசலில் முதல் பேராக அழகியின் பேரை வாசித்தான். இரண்டாவது கருப்பி. மொத்தம் இருபத்தாறு பேர். ஒச்சம்மாள் கூட்டத்தில் நின்று கேட்டாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

சித்திரையில் டாக்டர்கள் வந்தார்கள். வண்டிக்கொட்டகையில் பாய் விரித்து வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். இத்தனை பேர் இத்தனை நாளும் எந்த அறையில் இருந்தார்கள் என்று ஊரே திகைத்தது. அழகிக்கு இரும்புப் பட்டையும் இரண்டு கட்டையும் அளவெடுத்தார்கள். பழகினால் நாலு வீடு தூரம் தானாகப் போய் வரலாம் என்றார்கள். பேர் சொல்லிக் கூப்பிடும் வேலை குழந்தைவேலுக்கு. "கருப்பி" என்று கூப்பிட்டுவிட்டுப் பலகையின் தலைமாட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றான்.

டாக்டரம்மா பிள்ளையைப் பலகையில் கிடத்தி முழங்காலை மெல்ல நிமிர்த்திப் பார்த்தார். பாதிக்குமேல் வரவில்லை. பெரிய டாக்டரும் பார்த்தார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள்.

"போன வருசமே வந்திருந்தா மாவுக்கட்டுப் போட்டே நிமித்தியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "இப்ப நரம்பு இறுகிப்போச்சு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் அறுத்துத்தான் பாக்கணும். முழுசா நீளும்னு சொல்ல முடியாது. ஏம்மா, போன வருசம் நான்தான் ஊரையே கேட்டேனே, ஏன் பேரு குடுக்கல?"

ஒச்சம்மாள் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. "இந்தா நிக்கிறாரே, இவரக் கேளுங்க" என்றாள்.

கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அழகியும் பார்த்தாள். அன்றைக்கு நர்சம்மா முன்னால் அவனைக் காப்பாற்றிய வாய் இப்போது திறக்கவில்லை.

"குடுத்தாகம்மா" என்றான் குழந்தைவேலு. "நாந்தான் எழுதல."

"ஏன்?"

"எந் தங்கச்சியப் பத்தித் தெரிஞ்சிரும்னு வெக்கப்பட்டு எழுதல."

டாக்டரம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுபடி குனிந்து பிள்ளையின் காலைப் பிடித்து, "கொஞ்சம் வலிக்கும்டா" என்று சொல்லி அழுத்தினார். கருப்பி வீரிட்டது. ஒச்சம்மாள் கால்மாட்டில் நின்றாள். தலைமாட்டில் இருந்தவன் அவன்தான். பிள்ளை வலியில் கையை வீசி, கைக்குக் கிடைத்த அவன் விரல்களைப் பற்றிக்கொண்டது. மூட்டைக்கெல்லாம் எழுதுகிற வலது கை. அவன் உருவப் பார்த்தான். பிள்ளை விடவில்லை. "மாமா, விட்றாதீக மாமா" என்று அழுதுகொண்டே அந்தக் கையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டது.